உங்களை யாருக்கும் தெரியாத ஊர்

போன மாதம் ஒரு நாள் மத்தியானம், தட்டில் சோறு போட்டு உட்காரும் நேரத்தில் போன் அடித்தது. நான் வேலை பார்த்த குடிநோய் சிகிச்சை மையத்தில் இப்போது என் இடத்தில் இருக்கும் நர்ஸ் கலைச்செல்வி. நல்ல பெண்தான். ஆனால் எனக்குப் போன் போட்டால் வணக்கம் வருவதற்கு முன்னால் பெருமூச்சு வரும்.

"மேடம், டிஸ்சார்ஜ் ஆன பேஷண்ட் ஒருத்தரைப் புதுப்பட்டினம் மீட்டிங்குக்கு அனுப்பினேன். போன்ல தேடினா ஞாயித்துக்கெழம ஆறு மணின்னு தெளிவா வருது. அவரு போயிருக்காரு. கதவு பூட்டியிருந்துச்சாம். திரும்பிட்டாரு."

"திரும்பி வீட்டுக்குப் போனாரா, கடைக்குப் போனாரா?"

இன்னொரு பெருமூச்சு. "கடைக்குத்தான் மேடம்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவள்மேல் இல்லை, பூட்டின கதவின்மேல். விசாரித்தால், போன் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. கூட்டம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த அறையை யாரோ டியூஷனுக்கு வாடகைக்கு எடுத்துவிட்டதால் இரண்டு தெரு தள்ளிப் போயிருக்கிறது. அது போனுக்குத் தெரியாது. கால் வைத்து நடந்து போய்ப் பார்க்கிற ஆளுக்குத்தான் தெரியும். அடுத்த ஞாயிறு நீயே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொன்னேன். அவள் சிரித்தாள். "அந்தக் காலத்துல எப்படிப் பண்ணீங்கன்னு எழுதி வைங்க மேடம்" என்றாள். அந்தக் காலமாம். நான் ஓய்வு பெற்று முழுசாக நாலு வருஷம் ஆகவில்லை.

சரி, எழுதுகிறேன். இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாம் என்று அவர்கள் வாயால் சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்தேன். ஏன் அப்படி வாய்வார்த்தை வாங்கினேன் என்பது படிக்கப் படிக்கப் புரியும்.

என் பெயர் எஸ்தர். அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்றுக் கட்டுச் சுமந்தவர். மிஷன் பள்ளிக்கூடம், நர்சிங் டிப்ளமா, இரண்டு தனியார் ஆஸ்பத்திரி, கல்யாணம், இரண்டு பிள்ளைகள் என்று பதினைந்து வருஷம் ஓடியது. செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு டிரஸ்ட் நடத்திய இருபது படுக்கை மையத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். "குடிகாரன் வார்டா? வேற எடமே கெடைக்கலியா ஒனக்கு?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எங்கள் தெருவில் குடிக்காத வீடு எண்ணி இரண்டு இருந்தன. எங்கள் வீடு அந்த இரண்டில் இல்லை. அதனாலோ என்னவோ, அந்த வார்டின் வாடை எனக்குப் பழகின வாடையாக இருந்தது. சேர்ந்துவிட்டேன்.

இருபத்தொரு நாள் சிகிச்சை. முதல் ஐந்து நாள் கை நடுங்கும், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள், என்னைத் திட்டுவார்கள், நானும் திருப்பித் திட்டுவேன். எட்டாம் நாள் இன்னும் இரண்டு இட்லி கேட்பார்கள். இருபத்தொன்றாம் நாள் சட்டையை பேண்ட்டுக்குள் விட்டு, தலை வாரி, மாப்பிள்ளை மாதிரி கிளம்புவார்கள். பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். கிளம்பிப் போய் பஸ்ஸுக்கு நின்றால் எதிரில் ஒயின்ஷாப். இருபத்தொரு நாளும் அங்கே கரைந்துபோகும். மருந்தும் ஊசியும் கையை நிறுத்தும், ஆளை நிறுத்தாது. அதற்குத்தான் கூட்டம். குடியை விட்டவர்கள், விட நினைக்கிறவர்கள் வாரத்துக்கு ஒரு நாள் ஓர் அறையில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் பேசி, டீ குடித்துவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான் அது. ஆனால் அந்த அறையைக் கண்டுபிடித்து ஆளை உள்ளே கொண்டு சேர்ப்பதற்குள் நம் உயிர் போய்விடும்.

இந்த வேலையை எனக்குக் கற்றுத் தந்தவர் எங்கள் மையத்தின் ஆலோசகர் நாராயணன் சார். திருக்கழுக்குன்றத்தில் கோயில் கைங்கரியம் செய்த குடும்பம். ஒல்லியான ஆள், அரைக்கைச் சட்டை, காதில் ஒரு பென்சில். பேனா வைத்துக்கொள்ள மாட்டார். "கூட்டம் நடக்குற எடம் மாறிண்டே இருக்கும்மா, அழிச்சு எழுதணும்" என்பார். குடிகாரன் என்ற வார்த்தை அவர் வாயில் நான் கேட்டதில்லை. எவ்வளவு அழுக்குச் சட்டையோடு வந்தாலும் "ஐயா"தான். நோயாளியின் மனைவி அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பார். வீட்டில் அடி வாங்கிப் பழகின பெண்கள் அதைப் பார்த்துப் பயந்து இரண்டடி பின்னால் போவார்கள். கோபம் வந்தால் கத்த மாட்டார். காதிலிருந்து பென்சிலை எடுத்து பிளேடால் சீவ ஆரம்பிப்பார். சார் பென்சில் சீவுகிறார் என்று தெரிந்தால் நாங்கள் எல்லோரும் துணி மடிக்கப் போய்விடுவோம்.

நான் சேர்ந்த புதிதில் அவர் பென்சில் சீவியது என் முட்டுக்காடு விவகாரத்துக்கு. முட்டுக்காட்டில் சனிக்கிழமை சாயந்திரம் கூட்டம் நடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். நானும் அப்படியே எழுதி ஓர் ஆளை அனுப்பிவிட்டேன். அவர் போனார். ஒரு கட்டடத்தில் முப்பது ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல பிள்ளையாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தன் முறை வந்தது என்று நினைத்து எழுந்து, "என் பேரு சேகர், நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்லியிருக்கிறார். அது மீனவர் சங்கக் கூட்டம். சபையே திரும்பிப் பார்த்தது. தலைவர், "ஒக்காருப்பா, இங்க பாதிப் பேரு அதேதான். முதல்ல படகு மேட்டரு முடியட்டும்" என்றாராம். சேகர் திங்கட்கிழமை வந்து இதைச் சொன்னபோது வார்டே விழுந்து விழுந்து சிரித்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை.

"நீங்க போய்ப் பாத்தேளா எஸ்தர்ம்மா?"

"இல்ல சார். சொன்னாங்க."

"நம்ம கால் படாத எடத்துக்கு இன்னொருத்தர் காலை அனுப்பக் கூடாது."

அதற்குப் பிறகு நாங்கள் எழுதியதெல்லாம் நடந்து பார்த்த பிறகுதான். அதற்கு வழிச்சீட்டு என்று பெயர். எந்த நாள், எந்த பஸ், எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும், ரோட்டின் எந்தப் பக்கம் நடக்க வேண்டும், வாசலில் யார் நிற்பார். நோயாளி போகிற அதே நேரத்துக்கு, அதே பஸ்ஸில் நாங்கள் போக வேண்டும். இறங்குகிற இடத்துக்கு எதிரில் கடை இருந்தால் முந்தின நிறுத்தத்தில் இறங்கி நடக்கச் சொல்லி எழுத வேண்டும். இப்படி ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சுற்றாத ஊர் இல்லை. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவேன். அவர்களுக்குக் கடற்கரை, எனக்கு வழி. பெரியவன் இப்போதும் சொல்வான், மற்ற பிள்ளைகள் அம்மாவோடு கோயில் குளம் பார்த்தார்கள், நாங்கள் ஒயின்ஷாப் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்தோம் என்று. அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் மனசு இனிக்கிறது.

சீட்டு எழுதுவதற்கு முன்னால் சார் ஒரு கேள்வி கேட்பார். எல்லோரிடமும் கேட்பார், மறக்காமல் கேட்பார். "ஐயா, உங்களை யாருக்கும் தெரியாத ஊர் எது?" அவர்கள் சொல்கிற ஊரில், அல்லது அதற்குப் பக்கத்தில் நடக்கும் கூட்டத்துக்குத்தான் சீட்டு. எனக்கு இது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. வீட்டுக்குப் பக்கத்திலேயே கூட்டம் இருக்கும்போது இருபது கிலோமீட்டர் பஸ் ஏறிப் போ என்றால் எவன் போவான்? ஒரு மழை, ஒரு தலைவலி போதுமே நின்றுவிட. இதைப் பல முறை அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் "ம்" என்பதோடு சரி.

திருக்கழுக்குன்றத்தில் தேர் வந்தது. சார் பத்து நாள் லீவு. அந்தப் பத்து நாளில்தான் ஏழுமலை டிஸ்சார்ஜ் ஆனார்.

ஏழுமலைக்குச் சொந்த ஊர் புதுப்பட்டினம். கல்பாக்கம் பக்கம் கட்டட வேலைகளில் காண்ட்ராக்டரிடம் சாரம் கட்டுகிற வேலை. நாலு மாடி உயரத்தில் குழாய்மேல் நின்று இன்னொரு குழாயைப் பூட்டுகிறவருக்குக் கை நடுங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவர் வந்து சேர்ந்ததற்குக் காரணம் அதுகூட இல்லை, மகள் கல்யாணம். கூவத்தூரில் ஒரு வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். பையனின் அப்பா பெயர் தேவராஜ். பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், சபையில் மூப்பர். அவர்கள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரங்க, ஏழுமலை வீட்டார் சாமி கும்பிடுகிறவர்கள். சொந்தம் ஒன்றுதான் என்பதால் எங்கள் பக்கத்தில் அது ஒரு தடையில்லை. பேசி முடித்த அன்று தேவராஜ் சொன்னது ஒன்றே ஒன்றுதானாம். "எங்களுக்கு ஒண்ணும் வாணாம். பொண்ணு குடுக்கற வூட்ல குடி மட்டும் இருக்கக் கூடாது."

பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்தவர்களிடம் தெருவே ஒற்றுமையாக, "ஏழுமலையா, தங்கமான மனுசனாச்சே" என்று சொல்லி அனுப்பியிருந்தது. பெண் காரியத்தைக் கெடுக்கும் பாவத்தை எங்கள் பக்கத்தில் யாரும் ஏற்க மாட்டார்கள். அதற்குள் எப்படியாவது விட்டுவிட வேண்டும் என்று, வெளியூர் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எங்களிடம் வந்து படுத்தார். கல்யாணத் தேதி குறிக்க வேண்டியது மட்டும் பாக்கி.

டிஸ்சார்ஜ் அன்று நான் புதுப்பட்டினம் கூட்டத்துக்குச் சீட்டு எழுதினேன். ஞாயிறு ஆறு மணி, அவர் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. எழுதும்போது என் மனசில் சாருக்கு ஒரு பாடம் எடுக்கிற திமிரும் இருந்தது, மறைக்கவில்லை. ஏழுமலை சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இன்னா சிஸ்டர், எங்க ஊருக்கே எழுதிகீறீங்க? எல்லாம் பாப்பாங்களே."

"குடிச்சிட்டு ரோட்டுல விழுந்து கெடந்தீங்களே, அப்ப பாக்கலியா? அதுக்கு வராத வெட்கம் இதுக்கு வருதா?"

"வுழுந்து கெடந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க சிஸ்டர், பழகிப்போச்சு. சட்டை போட்டுகினு நடந்து போனாத்தான் எங்க போறன்னு கேப்பாங்க."

எவ்வளவு பெரிய வார்த்தை. நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. "சும்மா சாக்கு சொல்லாதீங்க, போங்க" என்று பையைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

ஒரு வாரத்துக்குள்ளேயே திரும்பி வந்தார். அவர் வந்தார் என்பது தவறு, அவர் மனைவி சரோஜா ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தாள். முந்தின நாள் குடித்த குடியோடு சாரத்தில் ஏறியிருக்கிறார். மூன்றாவது தட்டில் கை பிடி நழுவி, கூட இருந்தவன் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, கீழே இருந்தவர்கள் கயிறு போட்டு இறக்கியிருக்கிறார்கள். சரோஜா என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக வந்தாள்.

"நீங்கதான சிஸ்டர் சீட்டு எழுதுனது? உலகத்துல இல்லாத எடமா? அந்த மனுசன் கால்ல வுழுந்து கேட்டு இருந்தாக்கூட வேற எடத்துக்கு அனுப்பி இருக்க மாட்டீங்களா? இப்ப கூவத்தூர்க்காரங்க போனே எடுக்க மாட்டேங்கறாங்க. எம் பொண்ணு சோறு துன்னாம கெடக்குது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்று நாள் கழித்து நடுக்கம் கொஞ்சம் அடங்கினதும் ஏழுமலையே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு நல்ல சட்டை போட்டுக்கொண்டு போயிருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றி ஒரு காலை உள்ளே வைத்தபோது, மூலையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கேனிலிருந்து டம்ளர்களில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். தேவராஜ். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டார்கள். ஏழுமலை வைத்த காலை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போய்விட்டார்.

"சபைக்காரங்க இந்த மாரி எடத்துக்கு டீ ஊத்த, பன்னு குடுக்க வருவாங்கல்ல சிஸ்டர், புண்ணியத்துக்கு. அந்த மாரி வந்துகீறாரு மனுசன். கரீட்டா நான் போற அன்னிக்கி. அவ்ளோதான், எல்லாம் முடிஞ்சிச்சு. அவுரு கேட்டது ஒண்ணுதான். அதுவும் இல்லன்னு கண்ணால பாத்துட்டாரு."

அவர் அப்படிச் சொன்னதும் கையிலிருந்த மாத்திரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் அந்தக் கூட்டத்துக்கு வழி பார்க்கப் போன அன்று என்னை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். குடித்தவர்கள் மட்டும்தான் உள்ளே, வேறு யாரும் வரக் கூடாது, டீ ஊற்றுகிறவர்கூட எங்களில் ஒருவர்தான் என்று சொல்லித்தான் திருப்பி அனுப்பினார்கள். இதை வார்டு வகுப்பில் நாங்கள் சொல்வதுண்டு. ஏழுமலை அந்த வகுப்பில் குறட்டை விட்டவர். தேவராஜ் அங்கே புண்ணியத்துக்கு வரவில்லை. தன் ஊரில் யாருக்கும் தெரியக் கூடாது என்று, தன்னை யாருக்கும் தெரியாத ஊரான புதுப்பட்டினத்தைத் தேடி வந்தவர் அவர். அதே ஊரில் சம்பந்தம் அமைந்துவிட்டது. இப்போது போனை எடுக்காததும் கோபத்தால் இருக்காது, வெட்கத்தால்தான் இருக்கும்.

ஒரே ஒரு வாக்கியம். அது என் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் இந்த மனுஷன் எழுந்து உட்கார்ந்துவிடுவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். சார் அன்று காலைதான் லீவு முடிந்து வந்திருந்தார். நடந்ததை முழுக்கச் சொன்னேன், என் தப்பையும் சேர்த்து. பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தார். ரொம்ப நேரம் சீவினார்.

"ஒரு கேள்வி விட்டுப்போச்சு எஸ்தர்ம்மா."

"ஆமா சார். தப்புதான். இப்ப அதைச் சரி பண்ணணும். பேர் சொல்ல வேணாம். அங்க குடிச்சவங்க மட்டும்தான் உக்காருவாங்கன்னு பொதுவா சொன்னாலே போதும், அவரே புரிஞ்சுக்குவாரு."

"வகுப்புல பொதுவாச் சொல்லலாம். இப்பச் சொன்னா அது அந்த இன்னொருத்தரைச் சொல்றது. அந்த வார்த்தை அவரோடதும்மா. அவர் வாயால அவர் சொல்லணும். நாம எடுத்துக் குடுத்தா அது திருட்டு."

"ஒரு உயிர் போவுது சார். நாளைக்கு மறுபடி சாரத்துல ஏறுவாரு."

"தெரியும். அதனாலதான் டிஸ்சார்ஜ் அன்னிக்கு நீங்களே கூட்டிண்டு போறேள். நேரா வீட்டுக்கு இல்லை. கூட்டம் முடிஞ்சு வீட்டுக்கு."

அன்று முழுக்க அந்த மனிதரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். கோயில் வீட்டுப் பிள்ளை, சட்டம் பேசுகிறார், சாரத்தில் ஏறுவது அவரா என்று. ஒவ்வொரு முறை ஏழுமலைக்கு மாத்திரை கொடுக்கும்போதும் வாயைத் திறந்து மூடினேன். ஒரு தடவை பாதி வாக்கியம் வந்தேவிட்டது. இருமல் வந்த மாதிரி சமாளித்துக்கொண்டு போனேன். நான் வாயாடி, எல்லோருக்கும் தெரியும். அந்தப் பதினெட்டு நாள் மாதிரி நான் வாயைக் கட்டினது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் சார் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஏழுமலை யோசித்தார்.

"மாமல்லபுரம் சார். அங்க நம்மள யாரு பாக்கறது? எல்லாம் கல்லு பாக்க வந்தவன்."

மாமல்லபுரத்தில் புதன்கிழமை சாயந்திரம் ஆறரைக்கு ஒரு கூட்டம் இருந்தது. கைப்பையும் துணிப்பையுமாக இருவரும் செங்கல்பட்டில் பஸ் ஏறினோம். அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார். இரண்டாம் தடவை என்பதால் இன்னும் முழுசாக அடங்காத நடுக்கத்தை நான் பார்க்கக் கூடாதாம். திருக்கழுக்குன்றம் தாண்டின பிறகு, "பொண்ணுக்கு வேற எடம் பாக்கணும் சிஸ்டர்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கினோம், பஸ் ஸ்டாண்டு எதிரில் கடை இருந்ததால். சிற்பப் பட்டறைகளில் விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். உளிச் சத்தம் இன்னும் ஓயவில்லை. காற்றில் கல்தூசி பறந்து என் புடவையெல்லாம் வெள்ளையாகிவிட்டது. ஒரு நர்சரிப் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் கூட்டம். வாசலில் வரிசையாகச் செருப்புகள் கிடந்தன.

ஏழுமலை கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"வாணாம் சிஸ்டர். எனக்கு இன்னாத்துக்கு இனிமே? கல்யாணமே நின்னுபோச்சி. யாருக்காவ வுடணும்?"

"எனக்காகப் போங்க" என்றேன். "நான் எழுதின சீட்டாலதான் நீங்க திரும்பக் குடிச்சீங்க. நான் செஞ்ச தப்பு. இன்னிக்கு ஒரு நாள் உள்ள போயி ஒக்காருங்க. நான் தூங்கணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் தப்பு என்று சொல்லி அவர் கேட்டதில்லை. நீல வார் ரப்பர் செருப்பைக் கழற்றி வரிசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். நான் வாசல் படியில் உட்கார்ந்தேன்.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் பேனா, அறுபது வயதைத் தாண்டினவர் ஒருவர் வேகமாக நடந்து வந்தார்.

"ஏம்மா, புதங்கெழம மீட்டிங்கு இங்கதான? கூவத்தூர்லேர்ந்து வரேன். பஸ்சு லேட்டு."

கூவத்தூர் என்றதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். "புதுசாங்க நீங்க?"

"குடிய வுட்டு ஆறு வருசம் ஆச்சும்மா. எடந்தான் புதுசு. வழக்கமா போற எடத்துல எனக்குத் தெரிஞ்ச மனுசன் ஒருத்தரு வந்துட்டாரு. என்னப் பாத்துட்டு அப்டியே திரும்பிட்டாரு. நான் அங்கியே ஒக்காந்துகினு இருந்தா அந்தாளு மறுபடி வருவாரா? எனக்கு வேற எடம் கெடைக்கும். அவுருக்கு அதான் பக்கம். அதான் நான் நவுந்துகினேன்."

இதை அவர் பஸ் லேட்டானதைச் சொன்ன அதே குரலில் சொன்னார். ஆறு வருஷமாக அவரைக் காப்பாற்றின நாற்காலியை இன்னொருவருக்காக விட்டுக்கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். அந்த இன்னொருவர் பத்தடி தூரத்தில், இந்தக் கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறார். இவர் உள்ளே போனதும் அவர் எழுந்து ஓடினால், இனி இந்தக் கடற்கரையில் அவரை அனுப்ப எனக்கு வேறு ஊர் கிடையாது. இந்த முறை சாரத்திலிருந்து கயிறு போட்டு இறக்க ஆள் இருக்குமோ, இருக்காதோ. இவரைத் தடுத்து விஷயத்தைச் சொல்லட்டுமா? சொன்னால் உள்ளே இருக்கிறவரின் ரகசியத்தை நான் எடுத்துக் கொடுத்ததாகும். சொல்லாவிட்டால்?

எனக்கே தெரியாமல் கதவை மறித்து நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னாம்மா?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்லீங்க" என்று விலகினேன். "போங்க. இப்பத்தான் ஆரம்பிச்சாங்க."

அவர் கதவைத் திறந்து உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. பேச்சுக் குரல் நின்றது. ஒரு நாற்காலி தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. நான் அந்த நீல வார் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். கதவு திறந்தால், அந்தச் செருப்பில் கால் நுழைந்தால், எல்லாம் போச்சு. கர்த்தரே என்றுகூட வாயில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் மறுபடி பேச ஆரம்பித்தார். ஜன்னல் திறந்திருந்ததால் அது காதில் விழக் கூடாது என்று எதிர்ப்பக்கம் வேப்ப மரத்தடிக்குப் போய்விட்டேன். அங்கிருந்தும் செருப்பு தெரிந்தது. முக்கால் மணி நேரம். ஒரு மணி நேரம். ஒரு தடவை கைதட்டல் கேட்டது. பிறகு எல்லோரும் சேர்ந்து சிரிப்பது கேட்டது. செருப்பு வைத்த இடத்திலேயே கிடந்தது. உள்ளே யார் என்ன பேசினார்கள் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

எட்டு மணிக்குக் கதவு திறந்து ஆட்கள் வந்தார்கள். கடைசியாக இரண்டு பேர் வெளியே வந்து குழாயடிக்குப் போனார்கள். ஏழுமலை குத்துக்காலிட்டு உட்கார்ந்து டீ டம்ளர்களைக் கழுவினார். நடுங்குகிற கையில் டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று இடித்துக் கிணுகிணு என்றன. தேவராஜ் நின்றபடி ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்து அடுக்கினார். இருவரும் பேசிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. இருவர் கண்ணும் சிவந்திருந்தது.

வேலை முடிந்ததும் ஏழுமலை என்னிடம் வந்தார்.

"சிஸ்டர், புதுப்பட்டினம் வரைக்கும் நீங்க வர வாணாம். நேரா வூட்டுக்குப் போங்க. நான் சம்பந்தியோட கூவத்தூர் பஸ்ல போயி எறங்கிக்கிறேன்."

சம்பந்தி என்று அவர் சொன்னதும் தேவராஜ் குனிந்து, என் காலடியில் இருந்த ஏழுமலையின் துணிப்பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பெண் வீட்டுக்காரர் பையைப் பையன் வீட்டுக்காரர் சுமந்து எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. ஏழுமலை பதறிப்போய், "அய்ய, குடுங்க, நான் எடுத்தாறேன்" என்று கையை நீட்டினார். "நீ கம்பியப் புடிச்சி ஏறு, அது போதும்" என்றார் தேவராஜ்.

பஸ் வந்தது. ஏழுமலை இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஏறினார். அவர் ஏறி முடிக்கும் வரைக்கும் தேவராஜ் அவர் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு கீழே நின்றார். என் பஸ் வர இன்னும் அரைமணி இருந்தது. கல்தூசிப் புடவையோடு அந்த நிறுத்தத்தில் நின்று வாய்விட்டு அழுதேன்.